பதினாலாவது பாட்டு

விருதுநகரில் பருப்பு மில் சந்து என்று ஒரு சந்து இருந்தது; அந்தச் சந்துக்கு ஓர் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, தாய் இல்லாமல், தகப்பன் இல்லாமல், கை கால் உடம்பு என்று எதுவுமே இல்லாமல், ஒரு பச்சைப்பிள்ளையின் அழுகை மட்டும் வந்து சேர்ந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் முதலில் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்கள், அடுத்து பசிக்கு அழுகிறதா வயிற்று வலிக்கு அழுகிறதா என்று கேட்டார்கள், மூன்றாவதாகக் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பசிக்குத்தான் என்று தீர்ப்பானது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் சௌந்திரபாண்டி. அவன் தன் ரெக்கார்டிங் கடைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமல், தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று தன்னையே நம்பவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாண்டிக்கு நாற்பத்திமூன்று வயது. கோடு போட்ட தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் மூன்று நாளில் கேசட்டில் பதிந்து தருகிற கடையாக அது இருந்த காலத்தில், ஊரில் பாதிக் கல்யாணங்கள் அவன் கேசட்டை நம்பித்தான் நடந்தன. சிடி வந்து கேசட்டை விழுங்கிய பிறகு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனை, பழைய அரக்குத் தட்டுப் பாட்டுகளைத் தேடியெடுத்துச் சிடியாகப் போடுகிற ஒரு சென்னைக்காரர், அவன் காதைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு ஃபோனில் கூப்பிட்டார். தெற்கத்தி நாடகக்காரர்கள் பாடிய கிராமபோன் பிளேட்டுகளைச் சேர்க்க வேண்டும், பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், இரைச்சலை எடுத்துவிட்டுச் சுத்தமாக அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு பாட்டுகள், ஒரே சிடி, அட்டையின் பின்பக்கம் 'ஒலிச் சுத்தம்: வி. சௌந்திரபாண்டி' என்று பேர் வரும். பேர் வரும் என்று சொன்னதுதான் அவனைக் கவிழ்த்தது.

எடுத்த இரைச்சல் எங்கே போகும் என்று அவன் யோசிக்கவில்லை. குப்பையை வாசலுக்கு வெளியே கூட்டித் தள்ளுகிறவர்கள் எவ்வளவு யோசிப்பார்களோ அவ்வளவுதான் அவனும் யோசித்தான். ஆனால் முதல் பிளேட்டைச் சுத்தம் செய்த அன்றே சந்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் இறங்கியது, கோட்டைச்சாமியின் கடையில் எண்ணெய்ப் பரோட்டா பொரிகிறது என்று நினைத்து, அடுப்பே பற்றவைக்காத மத்தியானத்தில் எட்டுப் பேர் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், கோட்டைச்சாமியும் வந்தவர்களை எழுப்பிவிட மனமில்லாமல் அன்றிலிருந்து மத்தியானமே கடை போட ஆரம்பித்தார். இரண்டாவது பிளேட்டிலிருந்து பொட்டுப் பொட்டென்று வெடிப்புகள் வந்தன, அடுப்பில் கடுகு தீய்கிறது என்று பெண்கள் ஓடி ஓடிப் பார்த்துவிட்டுப் பிறகு ஓடுவதை விட்டார்கள். நான்காவது பிளேட்டிலிருந்து ஆர்மோனியக்காரர் ஒருவரின் இருமல் வந்து குழாயடிச் சுவர் அருகே தங்கியது, யாரோ ஒரு தம்ளர் சுக்குக் காப்பியைத் தினமும் அந்தச் சுவரில் வைத்தார்கள், ஒரு வாரத்தில் இருமல் நன்றாகத் தணிந்துவிட்டது. ஆறாவதிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது, அது எந்த வீட்டு வாசலில் கேட்டாலும் உள்ளே இருப்பவர்கள் "உக்காருங்க, இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். இப்படியாகப் பருப்பு மில் சந்து, தன் ஜனங்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே, எழுபது வருடத்துப் பழைய இரைச்சல்களுக்கும் இடம் கொடுத்துப் பழகிப்போயிருந்தது.

ஏழாவது பிளேட் அபரஞ்சி அம்மாவுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பவர், கல்யாணம் என்ற ஒன்றுக்கு நேரமில்லை என்று சொல்லியே அறுபத்தொரு வயதைத் தொட்டவர். ஊர்க்காரர்களை முகத்தை வைத்தல்ல, 'அலோ' சொல்கிற விதத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்பவர். அவருடைய தாயார் இளையான்குடி மரகதவல்லி ஒரு காலத்தில் நாடக மேடையில் நின்றால் கொட்டகையின் கடைசிப் பாய் வரை குரல் போகும் என்று பேர் வாங்கியவர். அவர் பாடிய ஒரே பிளேட், ஊரிலேயே, ஒருவேளை உலகத்திலேயே, மிஞ்சியிருந்த ஒரே பிரதி, ஒரு வெளுத்த தொட்டில் துணியில் சுற்றியபடி பாண்டியின் மேஜைக்கு வந்தது.

"பாண்டி, முதப் பக்கத்தை என்னமும் செய்யி," என்றார் அபரஞ்சி. "ரெண்டாம் பக்கத்துல ஆர்மோனியம் எடுக்கிறதுக்கு முன்ன ஒரு பிள்ளை அழுகும். அது எங்க அண்ணன்."

"அண்ணனாம்மா?"

"எனக்கு மூணு வருசம் மூத்தவன். நாப்பத்திமூணு நாள் இருந்தான். பேரு வைக்கல, போட்டோ கெடையாது. அவன் இருந்தான்ங்கிறதுக்கு இந்த அழுகை ஒண்ணுதான் இருக்கு."

பிறகு அவர் துணியின் மடிப்பை நீவிவிட்டபடி மீதியையும் சொன்னார். மரகதவல்லி பிள்ளை பெற்ற முப்பதாவது நாள் பச்சை உடம்போடு ரயிலேறி மெட்ராசுக்குப் பாடப் போயிருக்கிறார். முதல் பக்கம் பாடி முடித்து இரண்டாம் பக்கத்துக்கு நிற்கும்போது வெளியே தபேலாக்காரர் மனைவி மடியில் கிடந்த பிள்ளை பசித்து அழுதிருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அசையக் கூடாது. ரவிக்கை நனைய நனைய அவர் நின்று பாடியிருக்கிறார், அதுவும் தினைக்காட்டில் கிளி விரட்டுகிற பாட்டு, அடிக்கு அடி போ, போ, அங்கே போ என்று விரட்டுகிற பாட்டு.

"ஊருக்கு வந்தவன் காய்ச்சல் கண்டு போயிட்டான். மூணு நிமிசம் பால் குடுக்காததுல ஒரு பிள்ளை சாகாது, அது எங்க அம்மாவுக்கும் தெரியும். ஆனா தான் சாகுற வரைக்கும் அந்த ரெண்டாம் பக்கத்தைப் போடவிட மாட்டாக. அவன் எங்க அழுகிறானோ அங்கயே அழுகட்டும் பாண்டி. தொட்டுறாத."

"சரிம்மா," என்றான் பாண்டி. மனதாரத்தான் சொன்னான். அபரஞ்சி மறுநாள் கண்புரை அறுவைக்காக மதுரைக்குப் போய், அங்கேயே பழைய தோழி ஒருத்தி வீட்டில் ஒன்றரை மாதம் தங்கிவிட்டார்.

அந்த ஒன்றரை மாதத்துக்குள் பாண்டி செய்தது மூன்று காரியம், மூன்றுமே சின்னக் காரியம், எந்த ஒன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதைத்தான் அவனும் பிறகு தனக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

முதல் காரியம் இது. சுத்தம் செய்யாத பாட்டுகளைக் கேட்டுவிட்டுச் சென்னைக்காரர் ஃபோன் செய்தார். "பாண்டி சார், உங்க காது மாதிரி வராது சார்," என்றார். பாண்டியை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "ஒண்ணே ஒண்ணு, பதினாலாவது பாட்டு ஆரம்பத்துல பூனை கத்துற மாதிரி ஏதோ இருக்கு. அதை மட்டும் எடுத்துடுங்க. காசு குடுத்து வாங்குறவங்க டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க." பதினாலாவது பாட்டு மரகதவல்லி பிளேட்டின் இரண்டாம் பக்கம்; பூனை இல்லை சார், பிள்ளை என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சார் என்று இனிக்க இனிக்கக் கூப்பிட்டவரை மறுத்துப் பேசுவதற்கு வாய் வராமல், "செஞ்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டான்.

இரைச்சலை எடுக்கிற வேலையில் ஒரு முறை உண்டு. பாட்டு இல்லாத, வெறும் இரைச்சல் மட்டும் ஓடுகிற ஓர் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டி, இதுதான் குப்பை, இந்த ஜாடை எங்கே தெரிந்தாலும் எடுத்துவிடு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பதினாலாவது பாட்டின் முடிவில் அப்படி மூன்று விநாடி வெற்று இரைச்சல் இருந்தது, அதைக் காட்டியிருந்தால் பிள்ளை தப்பித்திருக்கும். பாண்டி ஆரம்பத்தில் இருந்த ஒன்பது விநாடியைக் காட்டினான், பிள்ளையின் அழுகையைச் சுற்றிக் கோடு போட்டு, இதுதான் குப்பை என்று சொன்னான். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்தது. அழுகை போயிற்று, அதோடு, தாயின் குரலில் எங்கெங்கே பிள்ளையின் ஜாடை இருந்ததோ அங்கெல்லாம் ஒரு நூல் உருவப்பட்டு, கொட்டகையை நிறைத்த குரல் சுருதி சுத்தமாக, கணீரென்று, ஆனால் வற்றிப்போய் வெளியே வந்தது. அந்த நேரத்தில்தான் வெளியே குழாயடியில் அழுகை கேட்டது.

இரண்டாவது காரியம், பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பளிச்சென்று கொடுக்கலாமே என்று, கேசட் டெக்கின் ஹெட்டைத் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அதைத் துடைத்தான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிற எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். இருபது வருடம் பிளாஸ்டிக்கையும் நாடாவையும் மட்டுமே தொட்டு வளர்ந்த பாண்டிக்கு அது தெரியவில்லை. பஞ்சு கறுப்பாகிக்கொண்டே வந்தபோது எவ்வளவு அழுக்கு என்று அவன் சந்தோஷப்பட்டான். ஈரம் காய்ந்த பிறகு பார்த்தால் வரிகள் குழைந்து, இரண்டு பக்கமும் தோசைக்கல் மாதிரி மழமழவென்று இருந்தது. மூன்றாவது காரியம் அதற்கு முந்தின நாளே நடந்து முடிந்திருந்தது. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, சுத்தம் செய்யாத பழைய பதிவுகளை எல்லாம், பிளேட்தான் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில், அழித்திருந்தான். சென்னைக்காரரும் கேட்டு முடித்த கையோடு தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டிருந்தார்.

ஆக, அபரஞ்சியின் அண்ணன் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. பருப்பு மில் சந்தில் மட்டும் இருந்தான்.

சந்தோ அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒன்பது விநாடி அழும், கொஞ்சம் ஓயும், மறுபடி ஒன்பது விநாடி அழும். ஒரு வீட்டில் நில்லாமல் காலையில் ஒரு வாசல், மத்தியானம் ஒரு வாசல் என்று போகும். எந்த வீட்டுக்குப் போனதோ அந்த வீட்டில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிவிடுவார்கள், அழுகை அந்தத் தொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், ஆட்டினால் ஓயும், நிறுத்தினால் தொடங்கும். பிள்ளைக்குப் பால் மறக்கடித்து வருடமான பெண்களுக்குக்கூட அந்த அழுகை கேட்டால் ரவிக்கை நனைந்தது, அதை அவர்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பருப்பு மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கை நிறுத்தி, கையால் மணியடிக்க ஏற்பாடு செய்தார்கள். கார்த்திகை பிறந்ததும் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்த அம்மாள், "அஞ்சு வயசுக்குக் கீழ எத்தனை?" என்று கேட்க, "கண்ணுக்குத் தெரியறது நாலு, தெரியாதது ஒண்ணு" என்றார்கள், அந்த அம்மாள் இருபது வருடம் எத்தனையோ தெரு பார்த்தவர், அழுகை வந்த பக்கமாகக் குனிந்து இரண்டு சொட்டு விட்டுவிட்டு, கதவில் சாக்பீஸால் ஐந்து என்று எழுதிவிட்டுப் போனார்.

எல்லாரையும்விட அதிகம் விட்டுக்கொடுத்தவர் கோட்டைச்சாமி. சாயங்காலமானால் இரண்டு இரும்புத் தகட்டை வைத்துக்கொண்டு அவர் கொத்துப் பரோட்டா கொத்துகிற சத்தம் தெப்பக்குளம் வரை கேட்கும், அந்தத் தாளத்துக்காகவே சாப்பிட வருகிறவர்கள் உண்டு. பிள்ளை அரண்டுவிடுகிறது என்று அவர் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, பரோட்டாவைக் கையால் பிய்த்துப் போட ஆரம்பித்தார். "சூட்டுல விரலு பழுத்துப்போச்சு," என்று பாண்டியிடம் விரலைக் காட்டினார். "இருக்கட்டும், எந்தச் சண்டாளன் பெத்துப் போட்டுட்டுப் போனானோ, நம்ம சந்தை நம்பி வந்துருச்சு." பாண்டி அந்த விரல்களைப் பார்த்தான். கொப்புளங்கள். சொல்லிவிடலாமா என்று நினைத்தான், ஒரு ஆம்லெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

எல்லார் வீட்டுக்கும் போன அழுகை பாண்டி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வாசல் வரை வரும், கடைக்கும் வீட்டுக்கும் பொதுவான அந்த ஒற்றைப் படிக்கட்டில் நிற்கும், அங்கேயே ஒன்பது விநாடி அழும், திரும்பிவிடும். பாண்டியின் மனைவி முத்துக்கனி கல்யாணச் சேலையை எடுத்துத் தொட்டில் கட்டிவைத்துப் பத்து நாளாகக் காத்திருந்தாள். தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கண்டுகொண்டாள்.

"நம்ம வீட்டுல என்ன குறைச்சல்?" என்று ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். "ஊரை அடிச்சு ஒலையில போட்டவன் வீட்டுக்கெல்லாம் போகுது. நம்ம படியைக் கண்டா மட்டும் அதுக்கு ஆகல. நான் என்ன பாவம் செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுத் தலைவலி வந்துருச்சு."

"நீ ஒண்ணும் செய்யல," என்றான் பாண்டி.

"அப்ப யாரு செஞ்சா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். முத்துக்கனி அவனைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு குழம்பை ஊற்றினாள். அவனிடம் அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்காததுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

அவன் சரிசெய்யப் பார்க்காமலும் இல்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, குழாயடியில், கோவில் வாசலில், பரோட்டாக் கடைப் பின்பக்கத்தில் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றான். காதுக்குக் கணீரென்று கேட்ட அழுகை கம்ப்யூட்டரில் போட்டால் இல்லை; ஆடு கத்துவது இருந்தது, சைக்கிள் மணி இருந்தது, 'என்ன பாண்டி, என்னத்தைப் பிடிக்கே' என்று யாரோ கேட்டது இருந்தது. குப்பை என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்ததை அந்த எந்திரம் பிறகு எதுவாகவும் எடுத்துக்கொள்ள மறுத்தது. சிடி அச்சாகி வந்தது, ஆயிரம் பிரதி, அட்டையின் பின்பக்கம் அவன் பேர். அதைக் கையில் வாங்கியபோது, இத்தனை வருடம் ஆசைப்பட்ட அந்த எழுத்துகளை அவனால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை.

கார்த்திகை இரண்டாவது வெள்ளிக்கிழமை பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று சந்து முடிவு செய்தது. மைக் செட்டுப் பொறுப்பு பாண்டிக்கு. மைக் ரிப்பேர் என்று ஒரு வாரம் தள்ளினான், ஆம்ப்ளிஃபையர் புகைகிறது என்று இன்னொரு வாரம் தள்ளினான், நாலாம் வெள்ளி மத்தியானம் முத்துக்கனியே ஸ்பீக்கர் பெட்டிகளை இழுத்துக் கடை வாசலில் வைத்துவிட்டாள். சந்து முழுக்கக் கூடி நின்றது. சர்க்கரைப் பொங்கல் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்று, கறுப்புக் கண்ணாடி போட்ட அபரஞ்சி, டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன பாண்டி, கூட்டமா இருக்கு? விசேசமா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் போய் உட்கார்ந்தார். "சிடி வந்துருச்சாமே. போடு, கேக்கலாம்."

பாண்டி போட்டான். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பதினாலாவது பாட்டு தொடங்கியது, நேரே ஆர்மோனியம். அவர் முகம் கொஞ்சம் காத்திருந்தது, பாட்டு பாதி ஓடும்வரை காத்திருந்தது, பிறகு ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

"பாண்டி, எங்க அவன்?"

பதில் தயாராகத்தான் வைத்திருந்தான். பிளேட் வரும்போதே அந்த இடத்தில் கீறல் என்று சொல்வதாக இருந்தான், பத்து நாளாகச் சொல்லிப் பழகியும் இருந்தான். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடி தன் பக்கம் திரும்பியதும், ஸ்டூலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். பூனை என்று சென்னைக்காரர் சொன்னதையும், பிள்ளை என்று தான் சொல்லாததையும் சொன்னான். ஒன்பது விநாடியைச் சுற்றிக் கோடு போட்டதைச் சொன்னான். ஸ்பிரிட்டைச் சொன்னான். தொட்டில் துணியைப் பிரித்து மழமழப்பான தட்டை அவர் மடியில் வைத்தான், அவர் விரலால் அதைத் தடவினார், ஒரு வரிகூட விரலுக்குத் தட்டவில்லை. வாசலில் நின்ற கூட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. கோட்டைச்சாமி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் செஞ்சியா?" என்றார் அபரஞ்சி.

"தெரிஞ்சுதாம்மா. என் பேரு வரும்னு செஞ்சேன்."

அதற்குள் வெளியே, பொங்கல் பானைக்குப் பக்கத்தில், அழுகை தொடங்கியிருந்தது. முப்பத்தைந்து வருடம் ஆயிரம் குரல்களை ஆயிரம் இடங்களில் சேர்த்துவிட்ட காது அது. எழுந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார், கூட்டம் விலகி வழிவிட்டது. பரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து சேலை முந்தானையை மடியில் விரித்தார்.

"அண்ணே," என்றார். "அண்ணே, நான் அபரஞ்சி. உனக்குப் பெறகு பெறந்தவ."

உடம்பில்லாத அழுகை வந்ததற்கு ஆச்சரியப்படாத சந்து, அறுபத்தொரு வயதுக்காரி ஒருத்தி பச்சைப்பிள்ளையை அண்ணன் என்று கூப்பிட்டதற்கு ஆச்சரியப்பட்டது. அழுகை மடிக்கு வந்து, அங்கே இன்னும் சத்தமாக அழுதது. அபரஞ்சி ஆட்டினார், தட்டினார், அது ஓயவில்லை. யார் யார் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சொல்ல, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நல்லா வச்சிருந்தீக. குறையில்ல," என்றார். "ஆனா இவன் அறுபத்திநாலு வருசமா ஒரு ஆளுகிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்கான். நீங்களும் நானும் குடுத்து இவனுக்குப் பசியாறாது."

"பேராவது வச்சிருவோம்மா," என்றார் கோட்டைச்சாமி.

"வேணாம்யா. அம்மா வைக்காத பேரை நாம எதுக்கு வைக்கணும்." பிறகு கடைப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பாண்டி, அம்மாவைப் போடு."

பாண்டி வாசல் ஸ்பீக்கர்களில் பதினாலாவது பாட்டைப் போட்டான். ஆர்மோனியம் வந்தது, அதற்குப் பிறகு மரகதவல்லியின் குரல் சந்தில் இறங்கியது, வற்றிப்போன, சுத்தமான குரல், கிளிகளைப் போ போ என்று விரட்டிக்கொண்டு. மடியிலிருந்த அழுகை சட்டென்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கி, மடியிலிருந்து இறங்கி, சந்தைக் கடந்து, இத்தனை நாளாகத் தாண்டாத அந்தப் படியில் ஏறியது. முத்துக்கனி கதவோரமாக ஒதுங்கி நின்றாள், தன் காலடியில் அது கடந்து போனதை உணர்ந்து இரண்டு கையையும் நீட்டினாள், தொட முடியவில்லை. அழுகை ஸ்பீக்கர் பெட்டிக்குள் போயிற்று.

பாட்டு நின்றது. வரியின் நடுவே, ஒரு 'போ'வுக்கும் அடுத்த 'போ'வுக்கும் இடையில், மரகதவல்லி பாடுவதை நிறுத்தினார். ஆர்மோனியக்காரர் இரண்டு கட்டை தனியாக வாசித்துப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்தினார். நாற்காலி ஒன்று இழுபட்டது, யாரோ உட்கார்ந்தார்கள். வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் மிக மெல்லிசாக, பக்கத்தில் போய்க் காதை வைத்தால்தான் தெரிகிற மாதிரி, ஒரு பிள்ளை மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் பால் குடிக்கிற சத்தம். சந்தில் யாரும் அசையவில்லை. பொங்கல் அடிப்பிடித்தது, அதைக் கிளறவும் யாரும் போகவில்லை.

பதினாலாவது பாட்டின் நேரம் முடிந்து பதினைந்தாவது பாட்டு வந்ததும் பாண்டி அதை நிறுத்திவிட்டு, மறுபடி பதினாலைப் போட்டான். இந்தத் தடவை ஆர்மோனியமே இல்லை, முதல் விநாடியிலிருந்தே அந்த மெல்லிய சத்தம்தான், மூன்று நிமிடமும். அட்டைப்பெட்டியிலிருந்து வேறொரு சிடியை எடுத்துப் போட்டான், இன்னொன்றையும் போட்டான். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது.

அபரஞ்சி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை ஒற்றிக்கொண்டார், டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும் கழற்றினார். பாண்டி அவர் முன்னால் போய் நின்றான். ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றான்.

"எங்க அண்ணன் பசியாறிட்டான்," என்றார் அவர். "எங்க அம்மா பாட்டு போயிருச்சு. அந்தக் குரலு இனி இல்ல. பரவால்ல பாண்டின்னு நான் சொல்லுவேன்னு நினைக்காத, எனக்குச் சொல்லத் தோணல." மழமழப்பான தட்டைத் தொட்டில் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

பருப்பு மில் சங்கு திங்கட்கிழமை பழையபடி ஊதியது. முத்துக்கனி கல்யாணச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். கோட்டைச்சாமி நாலு நாள் வரை தகட்டைத் தொடவில்லை, ஐந்தாம் நாள் சாயங்காலம் எடுத்தார், முதல் கொத்து விழுந்ததும் சந்தில் எல்லாரும் ஒரு கணம் வேலையை நிறுத்தி, அழுகை வருகிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு தொடர்ந்தார்கள். பாண்டியோடு யாரும் சண்டைக்கு வரவில்லை. கோட்டைச்சாமி மட்டும், ஒரு மாதம் வரை, அவன் கேட்ட ஆம்லெட்டை முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

மார்கழியில் சென்னைக்காரர் ஃபோன் செய்தார். வாங்கியவர்கள் சிடியைத் திருப்பி அனுப்புகிறார்களாம், பதினாலாவது பாட்டு வெறுமையாக இருக்கிறதாம். சார் என்பது இப்போது இல்லை.

"நானே கேட்டேன் பாண்டி. பாட்டே இல்ல. சத்தமா வெச்சா உள்ள ஏதோ இரைச்சல் மட்டும் இருக்கு, என்ன எழவு அது? அதையாவது சுத்தமா எடுத்துட்டு வேற பாட்டு ஏதாவது போட முடியுமா பாருங்க."

பாண்டி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். எதிரே கம்ப்யூட்டரில் பதினாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவன் அதைத் தினமும் போடுகிறான்.

"அது இரைச்சல் இல்ல சார்," என்றான். "பாடுறவுக பிள்ளைக்குப் பால் குடுக்காக. குடிச்சு முடிக்கட்டும்."